மயிலாடியிலிருந்து கோவைக்கு: அஞ்சாது நின்ற உபதேசியார்களின் வரலாறு

சமயப் பணியாளர்கள் உயிருக்கு அஞ்சாது உழைத்த வரலாறு என்றதும் தமிழ் மக்களின் நினைவில் முதலில் எழுவது ஓரியூர்ச் செம்மணலே. போர்த்துகல் நாட்டினின்றும் வந்து, பண்டாரசாமிக் கோலம் பூண்டு, மறவர் சீமையில் பணிபுரிந்த அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கே தலை வெட்டுண்டு மாண்டார். 1947-இல் உரோமைத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. ஓரியூருக்கு ஏழாண்டு முன்னரே, 1686-இல், அவர் ஒருமுறை பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். அப்போது அவருடனிருந்த உபதேசியார்களும் அவரோடு அடியுண்டனர். துறவியாரின் பெயரில் இன்று ஊர்தோறும் ஆலயங்களும் பள்ளிகளும் விளங்குகின்றன. அடியுண்ட உபதேசியார்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இக்கேள்வியை ஓரியூரோடு நிறுத்திவிட இயலாது. நம் கொங்கு நாட்டிற்கும் அது பொருந்தும். நம் சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறிஸ்தவரும் உளர், பௌத்தரும் உளர். எனினும், நம் பாட்டன்மாரில் முதன்முதல் எழுத்தறிந்தவர் எங்கே படித்தார் என்று வினவினால், பல குடும்பங்களில் வரும் விடை மிஷன் பள்ளி என்பதாகவே இருக்கும். கோவையில் இலண்டன் மிஷன் 1830-இல் தொடங்கிற்று. தொடங்கியவர் டபிள்யூ. பி. அடிஸ் ஐயர். அவர் இங்கிலாந்திலிருந்து நேரே கோவைக்கு வந்தவரல்லர். 1827 முதல் நாகர்கோவிலில் பணியாற்றிய பின்னரே இங்கு வந்தார். நாகர்கோவில் மிஷனோ அதற்கு முன்னர் மயிலாடி என்னும் சிற்றூரில் வேர்கொண்டது. அம்மயிலாடியில் அதற்கு வித்திட்டவர் ஓர் ஆங்கிலேயரோ ஜெர்மானியரோ அல்லர். சாம்பவர் குலத்தில், அதாவது ஊரார் பறையர் என்று ஒதுக்கி வைத்த நம் குலத்தில், பிறந்த மகாராசன் என்பவரே அவர். ஆகவே கோவையில் நின்று நம் கல்வியின் வழியைத் தேடுவோர் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை சென்றாக வேண்டும்.

சிதம்பரம் சென்றவர்

மயிலாடி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 வரை அப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நம் மக்கள் வாழ்ந்த நிலையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வதும் அரிது. சாம்பவரும் புலையரும் பெருந்தொகையாக அடிமைகளாய் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், ஒற்றி வைக்கப்பட்டனர். உயர்சாதியார் எதிரே வந்தால் இத்தனை அடி தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அரசின் பெரும்பாதைகள் அவர்களுக்கு உரியனவல்ல. பெண்கள் மார்பை மறைத்தல் குற்றம். அடிமை முறை அங்கே சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1855-இல்தான்.

மகாராசன் சிறிது நிலவசதி உடையவர் என்பர். சிவபக்தியில் ஆழ்ந்தவர். மன அமைதி நாடி, உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். தில்லையை நாடிய நந்தனாரின் கதையை நாம் அனைவரும் அறிவோம். அக்கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடி ஊரெங்கும் பரப்பியது பின்னாளில். அதற்கு அரை நூற்றாண்டிற்கும் முன்னரே நம் குலத்தார் ஒருவர் மெய்யாகவே கால்நடையாய் அவ்வழி நடந்தார். கோயிலுக்குள் புகும் உரிமை அவருக்கு இல்லை. வெளியே நின்று கண்டவையோ அவர் தேடிப்போன அமைதியைத் தரவில்லை. ஏமாற்றத்தோடு திரும்புகையில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கினார். அவ்வுறவினர் கிறிஸ்தவராயிருந்தனர்.

தஞ்சையில் அக்காலத்தில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்திருந்தார். அவர் வளர்த்த ஜே. சி. கோலாப் ஐயர் பொறுப்பில் இருந்தார். அவரிடம் மகாராசன் கேட்டறிந்தார், கற்றார், ஏறத்தாழ 1799-இல் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் கொண்டார்.

இங்கே ஒன்றை நிறுத்திக் கருதவேண்டும். தஞ்சையில் அவருக்குச் சுற்றத்தார் இருந்தனர். சபை இருந்தது. ஆங்கிலேயரின் செல்வாக்கும் இருந்தது. அங்கேயே குடியமர்ந்திருந்தால் அவரை யாரும் துன்புறுத்தியிருக்க முடியாது. திருவிதாங்கூருக்குத் திரும்பினால் என்ன நேரும் என்பதை அந்நாட்டில் பிறந்து வளர்ந்த அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டிய தேவையில்லை. இருந்தும் அவர் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மயிலாடிக்குத் திரும்பினார். நம் நாட்டு மிஷனரி வரலாற்றில் துணிவின் முதற்படி என்று நாம் கருதுவது இத்திரும்பி நடந்த பயணத்தையே. அவருக்கு எந்தச் சங்கமும் ஊதியம் தரவில்லை. எந்தத் துரையும் சீட்டு எழுதித் தரவில்லை.

ஊரில் அவர் சொல் சிலரைக் கவர்ந்தது. குடும்பங்கள் சில சேர்ந்தன. உடனே தொல்லைகளும் தொடங்கின. வழிபாட்டிற்குக் கூடுவதே கலகம் என்று பழிக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்தபோது, தம்மைச் சேர்ந்தோர் அனைவரையும் அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்து விடலாமா என்றுகூட வேதமாணிக்கம் எண்ணினார் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அது கோழைத்தனமாகாது. பெண்டு பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்ற ஒருவரின் கவலை அது. அவ்வேற்பாட்டிற்காகத் தஞ்சை சென்ற இடத்தில்தான், மயிலாடிக்கு ஒரு மிஷனரி வருவார் என்னும் உறுதி அவருக்குக் கிடைத்தது.

ரிங்கல்தௌபே வருகை

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770-இல் பிரஷியாவில் சிலேசியப் பகுதியில் பிறந்தவர். முன்னொரு முறை கல்கத்தாவிற்கு வந்து, அங்கே பணி பிடிக்காமல் திரும்பியவர். பின் இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1804-ஆம் ஆண்டு இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். 1806-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். பாட நூல்களில், அப்பகுதிக்குக் கிறிஸ்தவ சீர்திருத்தச் சபையைக் கொண்டுவந்தவர் இவர் என்றே எழுதப்படும். மயிலாடியில் அவரை எதிர்கொண்டவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாய் இருந்தனர் என்பதை அந்நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும்.

ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிறர்க்கே கொடுத்துவிடுவார். குடிசையில் தங்குவார். துரைமார்க்குரிய உடையின்றித் திரிவார்; அவர் சென்னைக்குச் சென்றபோது மேற்சட்டையும் இல்லாதிருந்த அவர் கோலத்தைக் கண்டு அங்கிருந்த ஐரோப்பியர் வியந்தனர். தனிமையும் அவரை வாட்டியது. தம்மை நாடி வருவோர் ஆன்ம தாகத்தால் வருகின்றனரா, வரிச்சுமையும் வழக்கும் தீரும் என்று வருகின்றனரா என்னும் ஐயம் அவருக்கு இறுதிவரை தீரவில்லை. இவ்வையத்தை நாம் குறையாகச் சொல்லவில்லை; அவர் நேர்மையானவர். ஆனால் அடிமைப்பட்டவன் ஒருவன் கடவுளிடமும் நீதிமன்றத்திடமும் ஒரே மூச்சில் நியாயம் கேட்பதில் என்ன தவறு? வயிறு நிறைந்தவர்க்கே ஆன்மாவும் உடலும் வெவ்வேறாய்த் தோன்றும் போலும்.

ஆலயம் கட்டவும் சமயம் பரப்பவும் அரசின் இசைவு வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் அது எளிதில் கிட்டவில்லை. அங்கே கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் தலையீட்டாலேயே அது கைகூடியது. இதுவே பின்னர் ஆபத்திற்கும் காரணமாயிற்று. வெள்ளையரின் கையாட்கள் என்னும் பழி சேரிக் கிறிஸ்தவர்களின் தலையில் விழுந்தது.

1809

அந்நாளில் திருவிதாங்கூரில் தளவாயாக இருந்தவர் வேலுத்தம்பி. கம்பெனி கேட்ட கப்பத்தின் பாரமும் ரெசிடெண்டின் தலையீடும் தாங்காது 1808-ஆம் ஆண்டு இறுதியில் அவர் கிளர்ந்தெழுந்தார். விடுதலை வரலாற்றில் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒரே வரலாறு மாளிகையில் ஒருவிதமாகவும் சேரியில் வேறுவிதமாகவும் நடக்கிறது. 1809-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் குண்டறையில் அவர் வெளியிட்ட அறிக்கையில், ஆங்கிலேயர் வென்றால் கோயில்களில் சிலுவை நாட்டப்படும், சாதி ஒழுக்கம் குலையும் என்னும் அச்சமும் ஊட்டப்பட்டிருந்தது. நாட்டைக் காக்கும் அழைப்போடு சாதியைக் காக்கும் அழைப்பும் ஒன்றாய்க் கலந்தது. சாதி குலைந்தால் யாருக்கு நட்டம், யாருக்கு விடுதலை என்பதை நம் வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

கலகம் மூண்ட நாட்களில் ஆலப்புழையில் கரையிறங்கிய ஆங்கிலப் படையினர் பலர் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அச்செய்தி தெற்கே பரவியபோது மயிலாடிக் கிறிஸ்தவர்களின் நிலை என்னவாயிருந்திருக்கும்! ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக்கு இப்பால், கம்பெனி ஆட்சிக்குட்பட்ட பாளையங்கோட்டைப் பகுதியில் இருந்தார். வேதமாணிக்கத்திற்கும் அவர் மக்களுக்கும் செல்ல வேறிடம் இல்லை. கணவாயில் படை நின்றது. ஊரில் இருந்தால் உயிர் போகும். குடும்பத்தோடு அருகிலிருந்த மலைப்பகுதிகளில் ஒளிந்தனர். பாம்பும் பசியும் பனியும் ஒருபுறம். கீழே தேடித் திரிவோர் ஒருபுறம். முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் எல்லோருமே அவ்வாறு மறைந்து வாழ நேரிட்டது.

விட்டு விலகுவதற்கு வழி ஒன்று அவர்கள் முன் எப்போதும் திறந்தே இருந்தது. இறங்கி வந்து, பழைய வழக்கத்திற்கே திரும்பினோம் என்று ஊரார் காலில் விழுந்திருந்தால் போதும். படித்த பெரியோர் அக்காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காக அவ்வாறு செய்ததுண்டு. மயிலாடிச் சபை அவ்வாறு கலைந்துவிடவில்லை என்பதற்கு அதே ஆண்டின் பின்பகுதியில் நடந்தது சான்று. பிப்ரவரி 10-ஆம் நாள் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. மார்ச்சு மாதத்தில் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் நீத்தார். மலையிலிருந்து இறங்கியவர்கள் அவ்வாண்டிலேயே மயிலாடியில் தங்கள் ஆலயத்தைக் கட்டி முடித்தனர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை 1809 என்றே கணக்கிடுகிறது. அவ்வாண்டு மயிலாடியில் தொடங்கிய பள்ளியே அதன் மூலம். கொலைக்கு அஞ்சி மலையில் ஒளிந்த அதே ஆண்டில், அதே மக்கள், ஒரு பள்ளிக்கூடத்தையும் தொடங்கினர். கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் இச்செய்தியை எழுதுகையில் நமக்கு உண்டாகும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

நம்பிக்கை என்பதை இவ்விடத்தில் எவ்வாறு புரிந்துகொள்வது? கடவுள் தம்மைக் காயமின்றிக் காப்பார் என்று அவர்கள் எண்ணியதாகக் கொள்ளத் தேவையில்லை. காயம்பட்டே பழகிய மக்கள் அவர்கள். கிறிஸ்தவராகும் முன்னும் அடி வாங்கினர்; ஆன பின்னும் வாங்கினர். வேறுபாடு என்னவெனில், முன்பு வாங்கிய அடி வழக்கம் எனப்பட்டது. அதற்குப் பெயரில்லை, முறையிட இடமில்லை, கேட்பாருமில்லை. பின்பு வாங்கிய அடியை அவர்கள் அநீதி என்று அழைத்தனர். தம்மைப் படைத்தவர் முன் தாமும் மற்றவர்க்கு நிகர் என்று ஒருமுறை நம்பிவிட்டவர்களை மீண்டும் விலகி நிற்கச் செய்வது கடினம். அவர்களைத் தாக்கியோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. இல்லாவிடில் ஒரு குடிசையில் சிலர் கூடி வேண்டுதல் செய்வதற்கு ஏன் அத்தனை கோபம்?

இரண்டாண்டுத் தனிமை

1816-ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே உடல் நலிந்து திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டார். புறப்படும் முன் வேதமாணிக்கத்தின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து, தம் அங்கியை அணிவித்து, சபைகள் அனைத்தையும் அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். பின் இலங்கை சென்று, அங்கிருந்து கீழ்த்திசைக் கடலில் கப்பலேறினார். அதன்பின் அவர் என்னவானார் என்பது இன்றளவும் எவருக்கும் தெரியாது.

அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் ஐயர் நாகர்கோவில் வந்து சேர்ந்தது 1818-இல். இடைப்பட்ட ஈராண்டுகளில் தென் திருவிதாங்கூரின் சபைகளை நடத்தியவர் வேதமாணிக்கம் ஒருவரே. அரசின் ஆதரவு நிச்சயமில்லை. ரெசிடெண்டிடம் நேரே சென்று நிற்கும் வெள்ளைத்தோலும் அவருக்கில்லை. சபையில் சேர்ந்தோர் பல சாதியினர். எண்ணிக்கையில் நாடார் சமூகத்தவர் மிகுந்து வந்தனர். சாதியடுக்கில் தமக்குக் கீழ் என்று அவர்கள் கருதிப் பழகிய சாம்பவர் ஒருவர் அவர்களுக்கு மேய்ப்பராய் இருந்து வழிநடத்தினார். இது நடந்தது 1816-இல்! நூறாண்டுகள் கழித்தும் நம் நாட்டுச் சபைகள் பலவற்றில் இது எளிதாய் இருக்கவில்லை என்பதை நாம் அறிவோம். சில இடங்களில் இன்றும் எளிதில்லை.

வேதமாணிக்கம் 1827-இல் மறைந்தார். அவர் நட்டதை மீட் ஐயர் வளர்த்தார். பணியின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. ஆயிரக்கணக்கில் மக்கள் சேர்ந்தனர். அச்சுக்கூடம் வந்தது. மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு பின்னல்வேலையும் கற்பித்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் அப்பின்னலில் ஈட்டிய காசைக் கொண்டே தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்டனர். ஊசியும் நூலும் விடுதலைக் கருவியான இக்கதையைத் தனியே எழுதவேண்டும்.

எதிர்ப்பும் அதே அளவில் வளர்ந்தது. 1822 முதலே கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்டனர், ஆடை கிழிக்கப்பட்டது. 1827 முதல் 1829 வரை கலவரம் உச்சத்தை அடைந்தது. பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. உபதேசியார்கள் பொய் வழக்குகளில் சிறைப்பட்டனர். மீட் ஐயரின் உயிருக்கும் அச்சுறுத்தல் எழுந்தது. இப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் பெரும்பாலும் நாடார் குலப் பெண்கள். அவர்களது துணிவை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். இறுதியில் 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் வெளியான அரசு அறிக்கையில்தான் அவர்களது உரிமை ஓரளவு ஏற்கப்பட்டது. அதே வட்டாரத்தில் வேறொரு வழியில் எழுந்தவர் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். அவரும் திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார். தலைப்பாகையும் முழங்காலுக்குக் கீழ் வேட்டியும் அணியச் சொல்லி மக்களை நிமிரச் செய்தார். எழுச்சிக்கு ஒரே சமயம் மட்டுமே காரணம் என்று நம் இளைஞர்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் குறிக்கிறோம்.

மீட் ஐயரைப் பற்றி இன்னொன்று. மனைவியை இழந்த அவர், முதிய வயதில் நம் குலத்துப் பெண் ஒருவரை மணந்தார். லோயிஸ் என்னும் அவ்வம்மையார், தேவவரம் என்னும் சபைப் பணியாளரின் மகள். ஆண்டுக்கணக்கில் கலவரக்காரர்களின் மிரட்டலை எதிர்கொண்ட மீட் ஐயரால் உடன் பணியாற்றிய வெள்ளையரின் வெறுப்பைத் தாங்கி மிஷனில் நீடிக்க முடியவில்லை. மிஷனை விட்டு விலகினார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஏற்றுக்கொண்டது. சமத்துவம் போதிக்க வந்த மிஷனின் எல்லை எதுவரை என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. மிஷனரிமாரைப் போற்றும் நூல்கள் பலவற்றில் இது இடம்பெறாது.

கோவையில்

மேற்சொன்ன கலவரங்களின் நடுவிலேதான் அடிஸ் ஐயர் நாகர்கோவிலில் வந்து இறங்கினார். வேதமாணிக்கம் மறைந்த அதே 1827. எரிந்த பள்ளிகளையும் சிறைப்பட்ட உபதேசியார்களையும் கண்ட கண்ணோடு 1830-இல் கோவைக்கு வந்தார். இங்கே முப்பதாண்டுகளுக்கு மேல், 1861 வரை, இருந்தார்.

கொங்கு நாட்டின் நிலைமை வேறு. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 முதல் இது கம்பெனியின் நேர் ஆட்சியில் இருந்தது. தளவாயும் இல்லை, ஆரல்வாய்மொழி அரணும் இல்லை. அரசே படைதிரட்டிக் கிறிஸ்தவரைத் தேடியலைந்த கொடுமை இங்கு நிகழவில்லை. 1843-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அடிமை என்று ஒருவரைக் கச்சேரியில் உரிமை கொண்டாடவும் இயலாது. இருந்தும் சட்டம் எட்டாத இடம் ஒன்று கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தது. பண்ணையத்துக் களமும் தோட்டத்துக் கிணற்றடியும்தான் அவை. ஆண்டுக் கணக்குப் பேசிப் பண்ணையத்திற்கு விட்ட ஆள், வாங்கிய முன்பணம் தீரும்வரை நகர முடியாது. தீராதபடியே கணக்கும் எழுதப்படும். மகன் தந்தையின் கடனுக்கு ஆடு மேய்ப்பான்.

இந்நிலையில்தான் இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் ஈரோட்டைச் சுற்றிய ஊர்களில் ஆதி திராவிடரும் மாதாரி மக்களும் குடும்பம் குடும்பமாய்ச் சபையை நாடினர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஈரோட்டில் பணியாற்றிய ஏ. டபிள்யூ. பிரப் ஐயரின் பெயரை ஈரோட்டில் சாலையும் ஆலயமும் தாங்கி நிற்கின்றன. கதாகாலட்சேபம் செய்து பாட்டாலே மக்களை ஈர்த்த பாப்ளி ஐயரையும் முதியோர் மறந்திலர். இவ்விருவரும் நல்லவர்கள், உழைத்தவர்கள். இவர்கள் ஓர் ஊருக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோ வருவர். மற்ற நாட்களில் அவ்வூரில் இருந்தவர் உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, இரவில் பெரியோர்க்கு வேதம், ஞாயிறன்று வழிபாடு; இவற்றுக்கெல்லாம் கிடைத்தது அற்பக்கூலி. செத்த மாட்டை இழுக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், ஞாயிற்றுக்கிழமை களத்திற்கு வரமாட்டோம் என்று வளவு மக்கள் சொல்லத் தொடங்கினால், ஊரார் முதலில் தேடுவது அவரைத்தான். பண்ணையம் நிறுத்தப்படும், தண்ணீர் நிறுத்தப்படும், கடைச்சாமான் கிடைக்காது, கூரைக்குத் தீ வைக்கப்படும். பிரப் ஐயர் மாவட்ட ஆட்சியரிடம் பேசலாம். உபதேசியார் அடுத்த நாளும் அதே தெருவழியே நடந்தாக வேண்டும்.

ஆபத்தின் இவ்வேறுபாட்டை உணராமல் மிஷனரி வரலாற்றைப் படிப்பதால் பயனில்லை. வெளிநாட்டவர்க்குக் காய்ச்சலும் தனிமையும், சில வேளை கல்லெறியும் நேர்ந்தன. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர்கள் பின்னே ஒரு பேரரசு நின்றது; அவர்களே விரும்பாவிடினும் நின்றது. நம்மவர் பின்னே நின்றது அவர்களது நம்பிக்கை ஒன்றே. அதற்கு மேல், வெள்ளையரோடு சேர்ந்தவர்கள் என்னும் பகையையும் அவர்களே சுமந்தனர்.

இச்சுமை இன்னும் முற்றாக இறங்கியபாடில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அட்டவணைச் சாதியினர் என்னும் தகுதி முதலில் இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவ ஆதி திராவிடர்க்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே வளவில், ஒரே தாய்வழிப் பிள்ளைகளில், ஒருவருக்குக் கிட்டும் உதவித்தொகை மற்றவர்க்குக் கிட்டுவதில்லை. ஞானஸ்நானம் பெற்றதால் வன்கொடுமை செய்வோர் எவரும் அவர்களை விட்டுவிடுவதும் இல்லை. நம் சங்கம் எல்லோர்க்கும் உரியது என்பதால் இதை இங்கே எழுதுகிறோம்.

நம் இளைஞர்களில் யாரேனும் இவ்வுபதேசியார்களின் வரலாற்றை ஆராய விரும்பினால் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்க வேண்டியிருக்கும். இலண்டன் மிஷன் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் காக்கப்படுகின்றன. அவற்றில் உபதேசியார்கள் பற்றிய குறிப்புகள் இல்லாமலில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் உள்ள அன்பர் ஒருவர் ஓர் உபதேசியாரின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டால், அவ்வுபதேசியாருக்கு அந்த அன்பரின் பெயரையே சூட்டிவிடுவர். விடுதியில் படித்த பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே. மீட் ஐயரை மணந்த லோயிஸ் அம்மையாரின் முழுப்பெயர் ஏடுகளில் லோயிஸ் பிடல்ப் என்று இருப்பதன் காரணம் அதுவே. ஆகையால் ஓர் ஊரில் பள்ளிக்கூரை எரிந்தது, உபதேசியார் அடிபட்டார், ஆனாலும் அவ்வூரை விட்டு அகலவில்லை என்னும் குறிப்பு கிடைக்கலாம். அவர் பெயர் ஏதோ ஓர் ஆங்கிலப் பட்டணத்து வணிகரின் பெயராக இருக்கும். அவர் எந்த வளவில் பிறந்தார், தாய் அவரை எப்பெயரிட்டு அழைத்தாள் என்பது அவ்வேட்டில் இராது.